கருவுற்ற தாய்மாரும் காலை உணவும்

(தோட்ட மக்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கருவுற்ற தாய்மாரின் உணவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆடவர் பலர் வந்திருப்பது கண்டு மகிழ்ச்சி. 'இது பெண்கள் சங்கதி' என்றெண்ணி வாயிற்படியருகே நிற்கும் நண்பர்களும் உள்ளே வந்து அமரலாம். இன்று நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்கு உரியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு தோட்டத்தில் இதே பொருளைப் பற்றிப் பேசினேன். பால், முட்டை, ஆப்பிள், ஆரஞ்சு என்று பாடப் புத்தகப் பட்டியலை ஒப்புவித்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவனுக்குப் பட்டியல் போடக் கற்றுத்தர வேண்டியதில்லை. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிங்க ஐயா. விடியறதுக்கு முன்னே நிரைக்குப் போற பிள்ளை இதை எந்நேரத்துல சாப்பிடறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்று முதல் அந்தக் கேள்வியிலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

பால்மரம் ஏன் விடியற்காலையில் வெட்டப்படுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிதல் குறையும். ஆகவே மரத்தின் நேரமே நமது நேரமாகிவிட்டது. ஆனால் கருவுற்ற பெண்ணின் வயிற்றுக்கு அந்த நேரம் ஏற்றதா என்று எவரும் கேட்பதில்லை. இரவு 8 மணிக்கு உண்கிறாள். காலையில் எழுந்து வீட்டாருக்குச் சமைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு குவளைக் கடுங்கோப்பியைக் குடித்துவிட்டு நிரைக்குப் போகிறாள். வெட்டி முடித்து வாயில் ஒரு கவளம் வைக்கும்போது மணி 10 ஆகிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் 14 மணி நேரம்! நானும் நீங்களும் அவ்வளவு நேரம் பட்டினி கிடந்தால் களைப்போடு போகும். கருவுற்றவளின் உடலிலோ சர்க்கரை விரைவாகத் தாழ்ந்துவிடுகிறது. மேட்டு நிரையில் கண் இருட்டிக்கொண்டு வருவதும், உளியோடு சரிந்து விழுவதும் இதனால் நேர்வதுண்டு.

இதனினும் பெரிய கேடு இரத்தச் சோகை. கருவுற்ற காலத்தில் தாயின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. அந்தப் புதிய இரத்தத்திற்கும், குழந்தைக்கும், நஞ்சுக்கொடிக்கும் சேர்த்து, பத்து மாதத்திற்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. சோற்றையும் ரசத்தையும் மட்டும் உண்டு அதனை ஈடுசெய்ய இயலாது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். பிரசவத்தின்போது எந்தத் தாய்க்கும் இரத்தம் போகும். நல்ல இரத்தம் உள்ளவள் அதனைத் தாங்கிக்கொள்வாள். சோகை உள்ளவளுக்கு அதே அளவு இழப்பு உயிருக்கே உலை வைக்கக்கூடும். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் குறைந்த எண்ணிக்கையில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி சேர்ந்துவிட்டால், அந்த வீட்டிற்கு அது குறைந்த இழப்பாகுமா?

இவ்விடத்தில் ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்குச் சென்றார். அங்கே துணியாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களைக் கடுமையான இரத்தச் சோகை வாட்டிக்கொண்டிருந்தது. கிருமியே காரணமாக இருக்கலாம் என்று முதலில் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் உண்ணும் உணவைப் பார்த்தார். குறை அங்கேதான் இருந்தது. மார்மைட் என்று நம் கடைகளிலும் விற்கிறார்களே, அந்த ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அப்பெண்கள் தேறினர். 1931இல் இதனை அவர் வெளியிட்டார். அதில் இருந்த சத்தைத்தான் பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1941இல் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்ததே காரணம். பாருங்கள், விடியற்காலையில் வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளப் பெண்களின் உடம்பிலிருந்து கற்ற பாடமல்லவா இது!

ஆகவே கீரைக்கு நாம் கடைத்தெருவுக்கு ஓட வேண்டியதில்லை. லயத்து வேலியோரத்தில் முருங்கை இருக்கிறது. பாயாமும் கங்கோங்கும் வாய்க்கால் ஓரத்தில் தாமாகவே வளர்கின்றன. நெடுநேரம் கொதிக்க விட்டால் போலிக் அமிலம் அழிந்துவிடும். ஆதலால் கீரையை விரைவாக வதக்கி இறக்குங்கள். மரவள்ளிக் கொழுந்து மட்டும் இதற்கு விலக்கு. அதில் நச்சுத்தன்மை உண்டு. நன்றாக வேகவைத்து, நீரை வடித்த பிறகே உண்ண வேண்டும். கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதனோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தாலும், ஒரு கொய்யாப்பழம் தின்றாலும் நன்கு ஏற்கும். மீனிலும் கோழியிலும் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். கெம்போங் மீன் போதும்; விலை உயர்ந்த மீன் வேண்டியதில்லை. நெத்திலியை முள்ளோடு தின்றால் எலும்புக்கும் நல்லது. அரைவேக்காட்டுக் கெராங் மட்டும் கூடவே கூடாது.

இனி அந்தக் கோப்பிக்கு வருவோம். தேநீரும் கோப்பியும் உணவில் உள்ள இரும்பு உடலில் சேராதபடி தடுக்கின்றன. உணவோடு தேநீர் குடிப்பது, சோற்றைப் போட்டுவிட்டுச் சத்தை வெளியே தள்ளுவது போன்றதாகும். முற்றாக விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். உணவுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இனிப்பான டின் பாலை ஊற்றிக் குடிப்பதால் பாலின் பயன் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதில் பெரும்பகுதி சர்க்கரையே. கருவுற்ற காலத்தில் வரும் நீரிழிவு நம்மவர்களிடையே மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மூதாட்டியின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். வீட்டை விட்டுப் புறப்படும் முன் ஏதேனும் ஒரு பிடி: அவித்த முட்டை ஒன்று, அல்லது ரொட்டித் துண்டு இரண்டு. குமட்டல் உள்ளவர்களுக்கும் காய்ந்த ரொட்டி பெரும்பாலும் நிற்கும். பிறகு, வெட்டி முடித்துப் பால் எடுக்கும் வரை காத்திருக்கிறோமே, அந்த இடைவேளைதான் உண்மையான காலை உணவு நேரம். அதற்குத் தூக்குச்சட்டியில் சோறும், கீரையும், பொரித்த தெம்பே அல்லது அவித்த கடலையும் இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உண்ணுங்கள். தேநீரைப் பால் நிறுத்த பிறகு குடிக்கலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும்' என்று சொல்லிப் பெண்ணின் வயிற்றைக் காயப்போடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கே ஆபத்து அதிகம். 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்பதும் பிழையே. நான்காம் மாதத்திற்குப் பின் வழக்கத்தைவிடச் சிறிதளவு கூடினால் போதும். காய்ப் பப்பாளியை விலக்குவது சரி. நன்கு பழுத்த பப்பாளிக்கு அந்தப் பழி வேண்டாம். வெற்றிலையோடு புகையிலையும், உடம்புக்குத் தெம்பு என்று சொல்லிக் கொடுக்கும் மதுவும் கருவுக்கு நஞ்சு. இதில் கொஞ்சம் பரவாயில்லை என்னும் அளவே கிடையாது.

வளைகாப்பு அன்று எத்தனை வகைச் சோறு! எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று ஊரே கூடி அவளுக்கு முதலில் பரிமாறுகிறது. மறுநாள் முதல் அவள் மீண்டும் எல்லாரும் உண்ட பிறகு சட்டியைச் சுரண்டுகிறாள். அந்த ஒரு நாளின் வரிசை பத்து மாதமும் இருந்தால் என்ன? மாமியார் சொன்னால் நடக்கும். மருமகள் தானாகக் கேட்க மாட்டாள்.

கணவன்மார்களே, மாத்திரை உங்கள் பொறுப்பு. கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரை பல வீடுகளில் டின்னுக்குள்ளேயே கிடக்கிறது. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி நிறுத்துகிறார்கள். அது இரும்பின் நிறம், தீங்கில்லை. வயிற்றைப் புரட்டினால் இரவு படுக்கும் முன் விழுங்கலாம். தேநீரோடோ பாலோடோ வேண்டாம். காலில் சப்பாத்து இல்லாமல் நிரைக்கு அனுப்பாதீர்கள். கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே நுழைந்து இரத்தத்தை உறிஞ்சும். நிறைந்த பால் வாளியை அவள் தூக்க வேண்டியதில்லை. களைக்கொல்லி தெளிக்கும் வேலைக்கும் அவளை விடக்கூடாது. பாராகுவாட் 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், மற்ற மருந்துகள் பாதுகாப்பானவை என்று அதற்குப் பொருளன்று. பிரசவ விடுமுறை 2023 சனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இரத்தப் போக்கு, ஓயாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எவருடைய வாகனம் என்பதை இப்பொழுதே பேசி வையுங்கள்.

நீங்கள் மிஸ்ஸி என்று அழைக்கும் தாதி மண்டபத்தின் பின்புறத்தில் மேசை போட்டு அமர்ந்திருக்கிறார். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும், அளவைச் சொல்லிவிடுவார். கருவுற்ற தாய்மார் அனைவரும் பார்த்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணவன்மாரும் உடன் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.