மேகத்துக்கு அடியில் நிற்கும் சிறுமி

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளை, ‘ஏன்?’ என்று கேட்கிறது, நாமோ, ‘எழுது!’ என்கிறோம். ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்?

1994-ஆம் ஆண்டில், அன்று அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஆல் கோர் அறிவித்த ‘குளோப்’ திட்டத்தைக் காணுங்கள். மாணவர்கள் பள்ளி முற்றத்தில் நின்று மேகத்தை நோக்குகின்றனர். எவ்வகை மேகம், வானை எவ்வளவு மறைத்தது என்பதைக் குறித்து இணையவழி அனுப்புகின்றனர். அவ்வேளை அவ்வழியே சென்ற செயற்கைக்கோள் கண்டதோடு நாசா அதனை ஒப்பிடுகிறது. கோள் பார்ப்பது மேலிருந்து. உயர்ந்த மேகத் திரையின்கீழ்த் தாழ்ந்து தவழும் மேகம் அதற்கு மறைந்துவிடக்கூடும். கீழே நிற்கும் சிறுமிக்கோ அது தெரிகிறது! பெரும்பொருள் செலவிட்டுப் பறக்கவிட்ட கோளுக்குத் தெரியாததைச் சொல்பவள், வகுப்பில் உறங்குவாளா?

பாடத்தைத் திரையில் ஓட்டினால் போதும் என்பாரும் உளர். அது கரும்பலகைக்குப் பட்டாடை உடுத்துவதே! பிள்ளை கண்டது பிறருக்குத் தேவைப்பட வேண்டும், வேலை அதுதான்.

இணைய இணைப்பில்லாத பள்ளியின்மீது மேகம் தவழவில்லையா? அங்கே நிற்கும் சிறுமி கண்டது எந்தக் கணக்கில் ஏறும்? ஆள்வோரிடம் கேளுங்கள், தோழர்களே. விடை வரும்வரை கேளுங்கள்!