பிடித்துக்கொண்ட பின்சக்கர அச்சு
(வானொலி வேளாண் பகுதியில் நிகழ்த்திய உரை)



சென்னையில் 1955ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. அதிலிருந்து வந்த புல்லட் வண்டிகள் பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் ஓடுகின்றன. அப்பா வாங்கியதை மகன் ஓட்டுகிறார். பால் கேன், உரமூட்டை, பனியன் கம்பெனிக்குப் போகிற பீஸ் மூட்டை எல்லாம் அதில்தான். இப்படி உழைக்கிற வண்டியில் நாம் மறந்துபோகிற ஒரு பாகம் பின்சக்கர அச்சு. அது துருப்பிடித்து வெளியே வராமல் போனால் என்ன செய்வது என்று இன்று பேசலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் விடிகாலை இரண்டு கேன் பாலோடு சொசைட்டிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் பின் டயர் பஞ்சர். நட்டைக் கழற்றினேன், அச்சு அசையவில்லை. பால் கெட்டுவிடுமே என்ற அவசரத்தில், பக்கத்துக் களத்தில் சம்மட்டி வாங்கி அச்சின் நுனியிலேயே ஓங்கிப் போட்டேன். நாலு அடியில் மரை நசுங்கி, நுனி காளான் மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த நுனி ஓட்டைக்குள் எப்படி நுழையும்? கடைசியில் அச்சை அறுத்தோம். அடி வாங்கிய பின் ஃபோர்க்கில் கீறல் விட்டு, அதற்கும் வெல்டிங். பாலும் போச்சு, மூன்று நாள் வேலையும் போச்சு.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கட்டை வண்டி இருந்தப்ப அச்சுக்குத் தவறாம வண்டி மை போட்டமே. இதுக்கு நீ எத்தனை வருசமாப் போடலை கண்ணு?" எனக்குப் பதில் இல்லை.

அச்சு ஏன் பிடித்துக்கொள்கிறது? இரும்பு துருவானால் முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். அச்சுக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதில் துரு நிறைந்தால் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும். உப்பு சேர்ந்தால் துரு வேகமாக ஏறும். நாம் ஏற்றுகிற பொட்டாஷ் உரமே ஒரு உப்புதான். மாட்டு மூத்திரத்திலும் உப்பு உண்டு. நம் பக்கத்துத் தண்ணீர்க் கதை உங்களுக்குத் தெரியும். சாயப்பட்டறைக் கழிவில் வந்த உப்பு நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்து, கரையோரக் கிணறுகள் வரை கெட்டது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். உப்புத் தண்ணீரில் வண்டி கழுவுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சரி, பிடித்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?

முதலாவது, வண்டியைக் கெட்டியான தரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து, அச்சின் மேல் பாரம் இல்லாமல் செய்யுங்கள். செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் எத்தனையாவது பல்லில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அச்சின் அமைப்பைப் பாருங்கள். சில வண்டியில் இரண்டு பக்கமும் நட் இருக்கும். சிலதில் ஒரு பக்கம் தலை, மறுபக்கம் நட். சில பழைய வண்டிகளில் அச்சே மரையில் ஏறியிருக்கும். அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும், தட்டினால் மரை போய்விடும்.

மூன்றாவது, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அது கிடைக்காவிட்டால் டீசலில் கொஞ்சம் இஞ்சின் ஆயில் கலந்து விடலாம். காலை, மாலை என்று இரண்டு நாள் விடுங்கள். பிரேக் ட்ரம்முக்குள் மட்டும் எண்ணெய் போகக் கூடாது.

நாலாவதுதான் முக்கியம். முதலில் திருப்புங்கள், பிறகு தள்ளுங்கள். அச்சில் தலை இல்லையென்றால் மரையில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். அச்சு திரும்பும்போது கூடவே எது திரும்புகிறது என்று கவனியுங்கள். பக்கத்துப் புஷ் சேர்ந்து சுற்றினால் பிடிப்பு அந்தப் புஷ்ஷில். அச்சு துளிகூடத் திரும்பாவிட்டால் பெரும்பாலும் ஃபோர்க் ஓட்டையில். அந்த இடத்துக்கே எண்ணெய் விடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? பிடித்த இடத்தின் வெளிப்பக்கத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள். வெளி இரும்பு முதலில் விரிந்து பிடி தளரும். கேஸ் நெருப்பு வைப்பதைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். பெட்ரோல் டேங்கும் டயரும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கின்றன.

தட்டித்தான் ஆகவேண்டும் என்றால், நட்டை அச்சு நுனியோடு சமமாக நிற்கும் வரை திருகிவிட்டு, மேலே பித்தளைக் கட்டையோ கெட்டி மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். அச்சு நகர்ந்து நட் ஃபோர்க்கைத் தொட்டதும் நட்டைக் கழற்றி, ஓட்டையைவிட மெல்லிய பித்தளைக் கம்பியால் மீதியைத் தள்ளுங்கள். அச்சு வெளியே வருகிற பக்கத்தில் மரை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அச்சின் மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, கனமான வாசர் போட்டு நட்டை இறுக்குங்கள். நட்டே அச்சை வெளியே இழுக்கும்.

எதற்கும் மசியவில்லை என்றால் புஷ்ஷுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் ரம்பத்தால் அறுத்துவிடலாம். அச்சு போனால் அச்சோடு போகும். ஃபோர்க் உடைந்தால் செலவு பெரிது.

சக்கரம் கையில் வந்ததும் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அடி வாங்கி விரிந்த அச்சைத் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள். அந்த ஒரு கம்பியை நம்பித்தான் உங்கள் பின்னால் மனைவியும் குழந்தையும் உட்காருகிறார்கள்.

மாட்டும்போது ஓட்டையை உப்புத்தாளால் தேய்த்து, அச்சு முழுவதும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் சமமாக வைத்து நட்டை நன்றாக இறுக்குங்கள். பத்து மைல் ஓட்டியபின் நட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருமுறை அச்சை உருவிக் கிரீஸ் போட்டால் போதும். அரை மணி நேர வேலை. கட்டை வண்டிக்குக் காட்டிய அக்கறையை இந்த வண்டிக்கும் காட்டினால், விடிகாலையில் பஞ்சர் ஆனாலும் பால் நேரத்துக்குப் போய்ச் சேரும்.