பழைய பியானோவா? மூடியைத் திறங்க முதல்ல

எனக்குக் கம்மாபுரம். பக்கத்துல நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல ஒரு அப்ரைட் பியானோ விலைக்கு வந்துச்சு. ரிட்டையராகி வீட்டைக் காலி பண்ற சார், நாற்பதாயிரம் சொன்னார். பாலிஷ் பளபளன்னு இருந்துச்சு, அதுல மயங்கக் கூடாது.

மேல்மூடியைத் திறந்து, போன்ல டியூனர் ஆப் போட்டு, 88 கட்டையையும் ஒண்ணொண்ணா அழுத்தினேன். மொத்தமும் ஒரே அளவு சுருதி இறங்கியிருந்தா பயமில்ல; பல வருஷமா டியூன் பண்ணலன்னு அர்த்தம். ஆனா நடுக் கட்டை ஒவ்வொண்ணுக்கும் மூணு கம்பி. அந்த மூணும் மூணு பக்கம் போச்சுன்னா, கம்பியை முறுக்கிப் பிடிக்கிற ஆணி மரத்துல லூஸாகியிருக்கலாம். அப்புறம் டியூன் பண்ணாலும் நிக்காது. எல்லாக் கம்பியும் சேர்ந்து இழுக்கிறது பல டன்னுங்க!

இதுல பத்துக் கட்டை அப்படி. "சென்னையிலேர்ந்து டியூனரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுச் சொல்றேன் சார்"னேன்.

"பொண்ணு வாசிச்சது தம்பி"ன்னார். அட்வான்ஸ் கொடுக்காம வெளிய வர்றதுதான் கஷ்டமா இருந்துச்சு.