நம் வீட்டுக் குப்பை

தோழர்களே!

மாற்றார் முகாமில் இனவெறி கண்டால் மார்தட்டிக் கிளம்புகிறோம். நம் முகாமிலேயே அது முளைத்தால்? பிரிட்டன் நாட்டுத் தொழிற்கட்சிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

இனப் பாகுபாட்டைத் தடுக்க 1965-இல் சட்டம் தந்த கட்சி அது. 2010-இல் சமத்துவச் சட்டம் நிறைவேறியதும் அதன் ஆட்சியிலேதான். அத்தகைய கட்சிக்குள்ளேயே யூத உறுப்பினர்கள் ஏச்சுக்கும் ஏளனத்துக்கும் ஆளாயினர், முறையிட்டனர். மாற்றார் கட்டிவிட்ட கதை என்றனர் சிலர். நம்மவராயிற்றே என்று தயங்கினர் வேறு சிலர்.

விளைவு? 2020 அக்டோபர் 29-இல் சமத்துவ, மனித உரிமை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. யூதரைத் துன்புறுத்தியது, புகார் விசாரணையில் தலையிட்டது, விசாரிப்போருக்குத் தக்க பயிற்சி தராதது — மூன்றிலும் சட்டத்தைக் கட்சி மீறியது என்றது. ஆராய்ந்த கோப்புகள் 70. கண்ட தலையீடுகள் 23! தன் ஆட்சி தந்த சட்டத்தின் முன் தானே தலைகுனிந்து நின்றது கட்சி!

இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது அரசியல் உரிமை. யூதரை யூதர் என்பதற்காகவே வெறுப்பது நஞ்சு. இரண்டையும் கலப்பவன் பாலஸ்தீன மக்களுக்கும் நண்பனல்லன்.

பின்னர்க் கட்சி விசாரணை முறையைத் திருத்தியது. 2023 பிப்ரவரியில் ஆணையம் கண்காணிப்பை முடித்துக்கொண்டது. ஆயினும், புண்பட்டு வெளியேறியோர் பலர்.

தோழர்களே! முறையிடுபவரைத் துரோகி என்னாதீர். கட்சியின் மானத்தைக் காப்பவர் அவரே. எதிரியின் வெறியைக் கண்டிப்பது எளிது. அருகில் அமர்ந்துள்ள தோழரின் வெறியைக் கண்டிக்கும் துணிவு இருக்கிறதே, அதுவே கட்சிப்பற்று!