சோலார் மானியம் வேணும். இலவச மின்சாரத்துக்கு ஈடாக அல்ல!

(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சோலார் பம்புசெட்டுக்கு நாம் எதிரிகள் அல்ல. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறோம். டீசல் ஊற்றி இறைக்கிறவனுக்கு வெயில்ல ஓடுற மோட்டார் நல்லதுதான். ஆனால் கணக்கையும் பார்க்கணும்.

2019இல் மத்திய அரசு கொண்டுவந்த குசும் திட்ட விதிப்படி மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம், மீதி விவசாயி பங்கு. பம்புசெட் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் என்றால் நம் பங்கு 1,20,000 ரூபாய்! கையில் 30,000 கட்டு, 90,000 பேங்க்கில் கடன் வாங்கு என்கிறது விதி. ஒன்றரை ஏக்கர்காரன் எங்கே போவான்? தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் அறிவித்தார்கள், வரவேற்கிறோம். மற்ற சிறு குறு விவசாயிக்கும் அதைக் கொடு என்கிறோம்.

அடுத்து, மத்திய மானியம் பொதுவாக 7.5 எச்.பி. அளவுக்குத்தான். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி போர் போட்டவனுக்கு அது எப்படிப் போதும்? கூடுதல் குதிரைத் திறனுக்கு ஆகும் செலவு அவன் தலையில்தான்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இருக்கிற மோட்டாரையும் சோலாராக்கி, மிச்ச கரண்டை மின்வாரியத்துக்கு விற்கலாம் என்கிறார்கள். விற்கணும்னா மீட்டர் வேணும். மீட்டர் வந்தால் பில் வராது என்று எழுதிக் கொடுப்பது யார்? 2020 மின்சாரத் திருத்த மசோதா வரைவில், மானியத்தை நேரடியாகக் கணக்கில் போடுவோம் என்றார்கள். அதாவது முதல்ல நீ பில்லைக் கட்டு! டெல்லி எல்லையில் 2020-21இல் விவசாயிகள் அந்த மசோதாவையும் சேர்த்துத்தான் எதிர்த்தார்கள்.

மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். இலவச மின்சாரம் சும்மா வந்ததல்ல தோழர்களே!

நமது கோரிக்கைகள்:

1. சிறு குறு விவசாயிகள் அனைவருக்கும் கூடுதல் மானியம் கொடு!
2. ஆழ்துளைக் கிணற்றுக்கு ஏற்ற குதிரைத் திறனுக்கு மானியத்தை உயர்த்து!
3. சோலார் வாங்கியவரின் மின் இணைப்பு மூப்பைப் பறிக்காதே!
4. ஐந்து வருஷப் பராமரிப்பு காகிதத்தில் போதாது. வட்டாரத்துக்கு ஒரு பழுது நீக்கும் மையம் அமை!
5. இலவச மின்சாரம் தொடரும் என்று அரசாணை போடு!

குடும்பத்தோடு ஆர்ப்பாட்டத்துக்குத் திரண்டு வாருங்கள்!

வெயிலும் நமது! உரிமையும் நமது!