பள்ளி வாரியமும் பெற்றோரின் இருக்கையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி இம்மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பதில் இன்று நம்மிடையே இரு கருத்துகள் இல்லை. ஆனால் அப்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது, அந்நிர்வாகத்தில் பெற்றோருக்கு என்ன இடம் உண்டு என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொள்வோம்.

ஊரின் அரசுப் பள்ளிகளை ஊரார் தேர்ந்தெடுத்த குழுவே நிர்வகிக்கும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குத் தனித்தனியே ஒரு கல்வி வாரியம் உண்டு. அங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் நம் நாட்டில் அப்பெயரைச் சூடிக்கொள்ளும் கட்டணப் பள்ளி என்று பொருளன்று. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி என்றே பொருள்.

இவ்வாரியங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக் கூர்ந்து பார்ப்போம். தலைநகர் வாஷிங்டனை அடுத்து, மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி கவுண்டி என்னும் பகுதி உள்ளது. 200-க்கும் மேற்பட்ட பள்ளிகள், ஒன்றரை இலட்சத்திற்கும் அதிகமான மாணவர்கள், ஆண்டுக்கு 300 கோடி டாலரைத் தாண்டும் செலவு. இத்தனைக்கும் பொறுப்பான கல்வி வாரியத்தில் இருப்பவர்கள் எட்டே பேர். எழுவரை வாக்காளர்கள் நான்காண்டுக் காலத்திற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. எட்டாவது உறுப்பினர் ஒரு மாணவர்! நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாக்களித்து ஓராண்டுக்கு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான பொருள்களில் அவருக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு வாக்கு உண்டு. தலைவரை உறுப்பினர்கள் தமக்குள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்.

வாரியம் பள்ளிகளை அன்றாடம் நடத்துவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கொள்கை வகுப்பதும், வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும், கல்விக் கண்காணிப்பாளர் என்னும் தலைமை அலுவலரை நியமிப்பதும், அவர் பணியை மதிப்பிடுவதும் வாரியத்தின் வேலை. ஆசிரியர்களுக்கு வகுப்பு ஒதுக்குவதும் பேருந்து ஓட்டுவதும் உணவு வழங்குவதும் கண்காணிப்பாளரும் அவர்கீழ் உள்ள அலுவலர்களும் செய்யும் வேலை. உறுப்பினர் ஒருவர் தனியாகப் பள்ளிக்குச் சென்று, "இதைச் செய், அதை நிறுத்து" என்று உத்தரவிட முடியாது. கூட்டத்தில் கூடி எடுக்கும் முடிவுக்கே அதிகாரம் உண்டு. எந்தப் பொது நிறுவனத்திற்கும், ஜமாஅத் நிர்வாகத்திற்கும்கூட, பொருந்தும் முறை இது.

இனி, கூட்டம் நடக்கும் விதத்தைப் பார்ப்போம். மேரிலாந்து மாநிலத்தில் திறந்த கூட்டங்கள் சட்டம் என்று ஒரு சட்டம் உள்ளது. பொதுக்குழுக்கள் கூடும் நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் பொதுமக்களுக்கு முன்னதாகவே அறிவிக்க வேண்டும். என்னென்ன பொருள்கள் பேசப்படும் என்ற நிகழ்ச்சி நிரல், பொதுவாகக் கூட்டத்திற்கு 24 மணி நேரம் முன்பாவது மக்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்.

ஊழியர் ஒருவர் மீதான நடவடிக்கை, வழக்கறிஞரின் ஆலோசனை போன்ற சிலவற்றைத் திறந்த அவையில் பேச இயலாது. அவற்றிற்காக மூடிய அமர்வு உண்டு. ஆனால் கதவை மூடுவதற்கும் முறை உண்டு. சட்டம் எண்ணிக் கூறியுள்ள காரணங்களுள் ஒன்றை எழுத்தில் பதிந்து, வாக்கெடுத்த பின்னரே மூட வேண்டும். காரணம் கூறாமல் நாலு பேர் தனியறையில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்து அறிவிக்கும் வேலை அங்கே செல்லாது.

கூட்டம் தொடங்கியதும் நிகழ்ச்சி நிரல் ஏற்கப்படுகிறது. பின்னர் பொதுமக்கள் பேசும் நேரம். முன்கூட்டியே பெயர் பதிவு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, தமக்கு அளிக்கப்பட்ட சில நிமிடங்களில் பேச வேண்டும். பெற்றோரும் பேசலாம், ஆசிரியரும் பேசலாம், மாணவரும் பேசலாம். உறுப்பினர்கள் உடனே பதில் சொல்லி விவாதத்தில் இறங்குவதில்லை. "நாம் இவ்வளவு பேசினோம், அவர்கள் வாய் திறக்கவில்லையே!" என்று புதிதாகச் செல்பவர் மனம் வருந்தக்கூடும். ஆனால் நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளை, எதிர்த்தரப்பார் அவையில் இல்லாதபோது, அங்கேயே முடிவு செய்வது நீதியாகாது. சொன்னது உறுப்பினர் காதில் விழுந்துவிட்டது. பல நேரங்களில் அது பின்னர் ஒரு கூட்டத்தில் முறையான பொருளாக வந்து அமர்கிறது.

அடுத்து, வழக்கமான ஒப்பந்தங்கள், கொள்முதல், பணி நியமனங்கள் முதலியவற்றை ஒரே பட்டியலாகச் சேர்த்து ஒரே வாக்கில் நிறைவேற்றுகிறார்கள். பெரிய தொகைகள் பல இந்தப் பட்டியலில்தான் ஓசையின்றிக் கடந்து செல்லும்! எனவே விவரம் அறிந்த பெற்றோர் பட்டியலை முன்னரே படித்துவிட்டு வருகிறார்கள். உறுப்பினர் எவரேனும் ஒரு பொருளைத் தனியே விவாதிக்க வேண்டும் என்று கேட்டால் அது பட்டியலிலிருந்து எடுக்கப்படும். மற்றப் பொருள்களில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, விவாதம் நடந்து, வாக்கெடுப்பு நடைபெறுகிறது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறது. நம் ஜமாஅத்தின் மினிட் புத்தகம் போன்றதே அது. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஒரு கூட்டத்திற்கு ஒழுங்கு இருப்பது போல ஆண்டிற்கும் ஒழுங்கு உண்டு. கண்காணிப்பாளர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பது வழக்கமாகக் குளிர்காலத் தொடக்கத்தில். வாரியம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, பிப்ரவரி வாக்கில் அதை ஏற்கிறது. இவ்வாரியத்திற்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாததால், திட்டம் கவுண்டி மன்றத்திற்குச் செல்கிறது. மே மாத இறுதியில் மன்றம் எவ்வளவு பணம் தரும் என்று முடிவு செய்கிறது. ஜூன் மாதத்தில் வாரியம் மீண்டும் கூடிக் கிடைத்த பணத்திற்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்தி இறுதியாக்குகிறது. ஜூலை 1-இல் நிதியாண்டு பிறக்கிறது. தன் பிள்ளையின் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் கூடுதலாக வேண்டும் என்று ஆகஸ்டில் போய்க் கேட்கும் பெற்றோர் காலம் கடந்து கேட்கிறார். ஜனவரியில் கேட்டவரின் குரலே கணக்கில் ஏறுகிறது.

இந்த நடைமுறையின் பலமும் சிரமமும் ஒருசேர விளங்க, நம் உள்ளத்திற்கு நெருக்கமான ஒரு நிகழ்வைக் காண்போம்.

மான்ட்கோமரி கவுண்டியில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. கிறித்தவப் பண்டிகை நாள்களிலும், 1970-களிலிருந்து யூதர்களின் இரு பெருநாள்களிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு வந்தது. ஈதுப் பெருநாளுக்கு விடுமுறை இல்லை. பெருநாள் தொழுகையா, வகுப்பா என்று பிள்ளைகள் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. பெற்றோர்கள் பல ஆண்டுகள் வாரியத்திடம் முறையிட்டார்கள். அதற்கு வாரியம் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. ஒரு மதத்தைச் சிறப்பிப்பதற்காக அரசுப் பள்ளியை மூட அந்நாட்டு அரசியல் சட்டம் இடம் தராது. மாணவரும் ஆசிரியரும் பெருமளவில் வராமல் வகுப்பு நடத்த இயலாத நிலை ஏற்பட்டால் மட்டுமே மூடலாம் என்றார்கள். பெருநாளன்று பதிவான வருகைக் குறைவு அந்த அளவை எட்டவில்லை என்பது அவர்கள் கருத்து.

2015-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளும் யூதர்களின் யோம் கிப்பூர் நாளும் ஒரே நாளில் வரும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டது. அன்று எப்படியும் பள்ளி மூடியிருக்கும். எனவே நாட்காட்டியில் அந்த நாளுக்கு நேரே ஈதின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள் என்ற எளிய கோரிக்கையை முஸ்லிம்கள் வைத்தார்கள். 2014 நவம்பரில் வாரியம் வாக்கெடுத்தது. முடிவு எவரும் எதிர்பாராதது. ஈதின் பெயரைச் சேர்ப்பதற்குப் பதிலாக, எல்லா மதப் பண்டிகைகளின் பெயர்களையும் நாட்காட்டியிலிருந்து நீக்குவதென்று 7-க்கு 1 என்ற வாக்கில் தீர்மானித்தார்கள். விடுமுறைகள் இருந்தன, பெயர்கள் மட்டும் போயின. கேட்டது கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, பிறர் பண்டிகைப் பெயர்கள் நீங்க நாம் காரணமாகிவிட்டோமோ என்ற சங்கடமும் சேர்ந்தது. பெயர்களை நீக்கும்படி தாங்கள் கேட்கவே இல்லை என்று அவர்கள் விளக்க வேண்டியதாயிற்று.

அத்துடன் மனம் கசந்து வீட்டில் அமர்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் அமரவில்லை. முயற்சி தொடர்ந்தது. ஓராண்டு கழித்து, 2015 நவம்பரில், அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி வாரியத்தின்முன் வந்தது. 2016 செப்டம்பர் 12, ஹஜ்ஜுப் பெருநாள் நாள், மாணவர்களுக்கு வகுப்பில்லாத நாளாகத் தீர்மானிக்கப்பட்டது. சட்டத்தின் வரம்பிற்குள் நின்றே வழி கண்டார்கள். கல்வியாண்டில் 180 நாள்கள் பள்ளி நடக்க வேண்டும் என்ற மாநில விதிக்குள், ஆசிரியர்களின் பணி நாளாக அதை அமைத்தார்கள்.

அதே 2015-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநகரப் பள்ளிகளும் இரு பெருநாள்களுக்கும் விடுமுறை அறிவித்தன. அங்கே பள்ளிகள் 2002 முதல் மேயரின் பொறுப்பில் உள்ளவை. எனவே மேயர் தேர்தலில் வாக்குறுதி பெற்று, மேயர் வழியாகச் சாதித்தார்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அறிந்து அங்கே செல்ல வேண்டும் என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்று.

வாரியத்திற்கு மேலே சட்டமும் உண்டு. ஒருபாலின உறவு, பாலின அடையாளம் ஆகியவற்றைப் பேசும் கதைப்புத்தகங்களை இதே மான்ட்கோமரி வாரியம் 2022-இல் தொடக்கப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தது. அப்பாடத்திலிருந்து பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்கும் வாய்ப்பு 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முஸ்லிம் பெற்றோரும் கிறித்தவப் பெற்றோரும் ஒன்றாக நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு முடியும்வரை முன்னறிவிப்பும் விலக்கும் அளிக்க வேண்டும் என்று 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முறையீட்டிற்கு வாரியம் இறுதிப் படியன்று. ஆயினும் முதற்படி அதுவே.

சகோதரர்களே! கடல் கடந்த ஊரின் செய்தி நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டிலும் இதையொத்த ஓர் இருக்கையைச் சட்டம் நமக்கு இட்டு வைத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுப்பது, வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் பணிகள். தமிழகத்தில் 2022-ஆம் ஆண்டில் இக்குழுக்கள் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன.

அமெரிக்க வாரியத்தின் அதிகாரம் நம் குழுவிற்கு இல்லை. தலைமை ஆசிரியரை நியமிக்க அதனால் இயலாது. ஆனால் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சுற்றுச்சுவருக்கு வந்த பணம் சுவராயிற்றா, ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதமாகக் காலியாக உள்ளது என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்ப அதனால் இயலும். வாய்ப்பேச்சாக இருந்த குறை, தேதியும் கையொப்பமும் உள்ள தீர்மானமானால் அதற்கு அலுவலகம் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

ஆகவே நம் மஹல்லாவினருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. பிள்ளை கையில் பள்ளிக் கூட்ட அறிவிப்பு வந்தால், "வேலை இருக்கிறது" என்று ஒதுக்காதீர்கள். தாய்மார்கள் தயங்காமல் செல்லுங்கள், பாதி இடம் உங்களுடையது. பேசவிருப்பதை இரண்டு வரியில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னாயிற்று என்று முதலில் கேளுங்கள். வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நம் பிள்ளைக்காக மட்டும் பேசாமல், அதே பெஞ்சில் அமர்ந்திருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும், அவன் எந்தச் சமயத்தவனாயினும், பேசுங்கள். பெருநாள் விடுமுறை போன்ற பெரிய கோரிக்கை ஒரு நாள் எழும்போது, தண்ணீர்க் குழாய்க்காகவும் பேருந்து நேரத்திற்காகவும் தவறாமல் வந்தவர்களின் சொல்லுக்கு அவையில் எடை இருக்கும்.

அவ்வாறு தவறாமல் செல்லும் மனமும் பொறுமையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.