மண்ணும் சட்டகமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இன்று அதினின்று சற்றே விலகி, நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா மாநகரின் கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். அதனைக் கூர்ந்து நோக்குவார்க்கு நம் சங்கத்திற்கு வேண்டிய பாடமும் அதனுள்ளே கிடைக்கும் என்பது நம் எண்ணம்.

வடகொல்கத்தாவில், ஊக்ளி ஆற்றை ஒட்டி, குமார்துலி என்னும் குயவர் குடியிருப்பு உளது. கிருஷ்ணநகர் முதலிய ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரின் வழியினரே அங்குள்ள கலைஞருட் பலர். நம்மைப் போன்று அவர்களும் வந்தேறிகளே! 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த கொல்கத்தாத் துர்க்கா பூசைக்கு, உருவங்கள் பெரிதும் பிறப்பது அக்குறுகிய சந்துகளிலேதான்.

ஈரமண்ணுக்குத் தானே நிற்கும் வலிமை இல்லை. மண்ணால் இரு கால்களைப் பிடித்து, அவற்றின் மேல் உடலை ஏற்றிப் பாருங்கள். கணுக்கால் நெகிழும், முழங்கால் மடியும், உருவம் சரிந்து வீழும். நீட்டிய கையோ தோளினின்று அறுந்துவிடும். ஆதலின் மண்ணுக்கு முன்னர் எலும்பு வேண்டும். அவ்வெலும்பையே வங்காளியர் 'காட்டாமோ' என்பர். நாம் சட்டகம் எனலாம்.

முதலில் மரமும் மூங்கிலும் கொண்டு சட்டகம் எழுப்புவர். அதன்மேல் வைக்கோலைச் சணற்கயிற்றால் இறுகக் கட்டி, மார்பு, இடை, தொடை என உடலின் திரட்சியை உண்டாக்குவர். பின்னர் உமி கலந்த பிசுபிசுப்பான களிமண்ணை முதற்பூச்சாக அப்புவர். அது காய்ந்து வெடித்தபின், மணற்பாங்கான மென்மண் கலந்து இரண்டாம் பூச்சு இடுவர். தலையை அச்சில் எடுத்தும், விரல்களைத் தனியே உருட்டியும் பொருத்துவர். பொருத்துவாய்களின் மேல் மண்குழம்பில் தோய்த்த துணிக்கீற்றை ஒட்டி இணைப்பை மறைப்பர். வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, மாளய அமாவாசையன்று கண் எழுதுவது மரபு. நம் சிற்பிகள் கண் திறக்கும் சடங்கை அறிந்த நமக்கு இஃது அயலான செய்தி அன்று.

வைக்கோல் எதற்கு என்று வினவலாம். மண் காயுங்கால் சுருங்கும். உள்ளே வளையாத பொருள் இருப்பின் சுருங்கும் மண் அதன்மேல் பிளந்துவிடும். வைக்கோலோ சிறிது விட்டுக்கொடுக்கும். உருவத்தின் எடையையும் குறைக்கும். ஆதலின் தாங்குவதற்கு மூங்கில், இணங்குவதற்கு வைக்கோல் என இரண்டும் வேண்டியவாயின.

கலைக்கல்லூரிகளின் முறை வேறு. வங்காளத்தில் பிறந்து, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவர்களை நாம் அறிவோம். மெரினாக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை அவர் படைப்பே. அத்தகைய வெண்கலச் சிலைகளுக்கு முதலில் மண்ணுருவம் சமைப்பது கல்லூரிகளின் வழக்கம். உருவத்தின் பின்புறம் இரும்புத் தூண் ஒன்றை நிறுத்தி, அதனின்று இடுப்பைத் தாங்கும் கரம் ஒன்றை நீட்டி, கைகால்களுக்கு வளையும் கம்பியை அமைப்பர். மண் நழுவாமல் இருக்கக் குறுக்காகக் கட்டிய சிறு மரத்துண்டுகளைக் கம்பியிலே தொங்கவிடுவர். இரும்பு இணங்காது, ஆதலின் வேலை முடியும்வரை ஈரத்துணி போர்த்தி மண்ணைக் காயவிடாது காப்பர். பாரிஸ் சாந்தால் அச்சு எடுத்தபின் மண்ணை அகழ்ந்து தொட்டியில் இடுவர். அது மறுபடி பயன்படும். தூணும் கம்பியும் அடுத்த உருவத்திற்குக் காத்திருக்கும்.

எல்லாச் சட்டகமும் இங்ஙனம் மீள்வதில்லை. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் சிமெண்டும் செம்பாறைச் சரளையும் கொண்டு சமைத்த சாந்தால் குடும்பம் என்னும் சிற்பத்தில், இரும்பு உள்ளேயே தங்கிவிட்டது. நம் ஊர் ஐயனார் குதிரையோ சூளையிற் சுடப்படுவது. ஆதலின் அதனை உள்ளீடற்ற கூடாகவே வனைவர்.

குமார்துலியின் சட்டகத்திற்கு வாய்த்ததோ தனி வாழ்வு. விசயதசமியன்றும் அதனை அடுத்தும் உருவங்களை ஆற்றில் விடுவர். மண் கரையும், வைக்கோல் பிரியும், மூங்கிற் சட்டகம் மிதக்கும். அதனைக் கரையேற்றிக் கலைஞரிடம் விற்றுப் பிழைப்போரும் உளர். ஆறு மாசுறாதிருக்கச் சட்டகங்களை உடனே அகற்றும் பணியை இன்று நகராட்சியும் மேற்கொள்கின்றது. பழம்பெருங் குடும்பங்கள் சிலவற்றில் அதே சட்டகத்தை ஆண்டுதோறும் பேணி, தேர்த்திருநாளன்று அதற்குப் பூசை செய்து புதிய உருவத்தைத் தொடங்குவர். முகம் இன்னும் பிறக்கவில்லை. எலும்புக்கே முதல் வணக்கம்!

அன்பர்களே, நம் இல்லங்களில் இருவகைப் பேச்சு எழுகின்றது. 'பிள்ளைகள் நம் பாட்டன்மாரைப் போலவே இருத்தல் வேண்டும்' என்பார் ஒரு சாரார். 'பொங்கலும் பட்டாடையும் போதும், எழுத்து எதற்கு?' என்பார் மற்றொரு சாரார். முன்னவர் சென்ற ஆண்டின் மண்ணைக் கரையவிடாது காக்க முயல்கின்றனர். பின்னவர் வண்ணத்தை வைத்துக்கொண்டு மூங்கிலை ஆற்றோடு விடுகின்றனர். நம் பிள்ளைகள் வங்காளம் பேசட்டும், இந்தியும் ஆங்கிலமும் கற்கட்டும், இம்மண்ணின் முகத்தையே ஏற்கட்டும்; அதில் நமக்கு வருத்தம் இல்லை. உள்ளே நிற்பதற்கு ஒன்று வேண்டும். அதுவே தமிழைத் தானே எடுத்துப் படிக்கும் ஆற்றல்.

குமார்துலியார் கைக்கொள்ளும் விதிகள் இரண்டு. உளுத்த மூங்கிலை வைக்கோல் கட்டுமுன்னரே மாற்றிவிடுவர். பழையது என்னும் பரிவால் அதனை விட்டுவைப்பதில்லை. நம் வகுப்புகளிலும் பிள்ளைகளுக்குப் பொருந்தாத பழைய பாடங்களை மாற்ற நாம் தயங்கலாகாது. இரண்டாவது, சட்டகம் சாய்ந்திருப்பின் அதன்மேல் எத்துணை மண் அப்பினும் நிலை நேராகாது. பதினெட்டு வயதில் எழுத்தறிவிக்கலாம் எனக் காத்திருக்கும் பெற்றோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

விழாவின் ஒளியும் இசையும் நாளை கரைந்துவிடும், கரைவது இயல்பே. வரும் ஞாயிறன்று தமிழ் வகுப்பில் எத்துணை இருக்கைகள் நிறைகின்றன என்பதைக் கொண்டே இவ்வாண்டின் பணியை அளத்தல் வேண்டும். பிள்ளைகளின் கைபிடித்து அழைத்து வாருங்கள் என வேண்டி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!